அடுத்த வருஷம் கட்டாயம் ஏறும்

பெண்ணாடத்துச் சிவனுக்குப் பிரளயகாலேஸ்வரர் என்று பெயர். ஊழி வெள்ளத்தில் உலகமே முழுகியபோது பெண்ணாடம் மட்டும் தப்பியது, சிவன் சொல்லி நந்தி திரும்பி நின்று வெள்ளத்தைத் தடுத்தது என்பது தலபுராணம். எங்கள் ஊர்க்காரர்கள் இதில் ஒரு எழுத்தைக் குறைக்க விடமாட்டார்கள். அப்பர் தன் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் கேட்டு வாங்கிய ஊர், மெய்கண்டார் பிறந்த ஊர். சந்தேகம் கேட்டால் அவருடைய சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்திலிருந்து பதில் தொடங்கும், பஸ்ஸை விட்டுவிடுவோம்.

நிலவியல்காரர்கள் வைத்திருக்கும் தலபுராணம் வேறு. அதன்படி வெள்ளம் தடுக்கப்படவே இல்லை. வந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது, கோடிக்கணக்கான வருஷம் காலி செய்யாமல் குடியிருந்தது. சுமார் 14 கோடி வருஷத்துக்கு முன்பு இந்தியாவும் அண்டார்ட்டிகாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது நம் கிழக்குக் கரை நெடுக விரிசல் விட்டது. அரியலூர் - புதுச்சேரி ஒரு பள்ளம், தரங்கம்பாடி ஒரு பள்ளம், நாகப்பட்டினம் ஒரு பள்ளம், நடுநடுவே கும்பகோணம் மாதிரி மேடுகள். இதற்குத்தான் காவிரிப் படுகை என்று பெயர். காவிரிக்கும் இதற்கும் அப்போது ஒரு சம்பந்தமும் இல்லை. பெண்ணாடம் இந்தப் படுகையின் மேற்கு விளிம்பு. மேற்கே கருங்கல் நாடு, கிழக்கே கடல். அதாவது எங்கள் ஊர் அன்றைக்குக் கடற்கரை. சுண்டல் விற்க ஆள்தான் இல்லை.

இந்தக் கடல் விட்டுப்போன சிப்பிகளை முதலில் கவனித்து ஊரைக் கூட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள். 1840களில் கேய், கன்லிஃப் என்று இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் கல்லான சிப்பிகளைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846ல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். விருத்தாசலத்துக்காரனுக்கு மதராஸிலேயே மதிப்பில்லாத காலத்தில் விருத்தாசலத்து நத்தைக்கு லண்டனில் நாற்காலி போட்டிருக்கிறார்கள். பிறகு பிளான்ஃபோர்டு வந்து பாறைகளை அளந்தார். ஸ்டோலிச்கா என்ற இன்னொருவர் தென்னிந்திய நத்தை, சிப்பிகளுக்கெல்லாம் பெயர் சூட்டிப் பட்டியல் போட்டுவிட்டு, 1874ல் லடாக்கில் போய் இறந்தார். அந்தப் பட்டியலை நம்மவர்கள் சரியாகப் படிக்கவில்லை. 2020ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கல் கிடைக்க, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. நிபுணர்கள் வந்து பார்த்து, முட்டையும் இல்லை ஒன்றும் இல்லை, அம்மோனைட் என்ற கடல் உயிரைச் சுற்றிக் கெட்டிப்பட்ட படிவு என்றார்கள். கூட்டம் கலைந்தது.

பெட்ரோலும் டைனோசர் செத்து வந்தது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தியாகம் யாரும் செய்யவில்லை. கடலில் மிதந்த, கண்ணுக்குத் தெரியாத பாசியும் பூச்சியும் செத்து, சேற்றில் புதைந்து, மேலே மண் ஏற ஏறக் கீழே இறங்கி, சில கிலோமீட்டர் ஆழத்துச் சூட்டில் கோடிக்கணக்கான வருஷம் மெல்ல வெந்ததுதான் எண்ணெய். காவிரிப் படுகையில் இந்தச் சமையல் நடந்த முக்கியமான பாறை அடுக்குக்கு ஆண்டிமடம் என்று பெயர். பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் போகிற அதே ஆண்டிமடம்தான். வெந்த எண்ணெய் அங்கே தங்காமல் மேலே ஏறி மணற்கல்லுக்குள் புகுந்தது. ஒரு மணற்கல் அடுக்குக்குப் பெயர் புவனகிரி, இன்னொரு அடுக்குக்கு நன்னிலம். புவனகிரிக்கு மூடி போட்டது குடவாசல் களிப்பாறை. காவிரி டெல்டா டவுன் பஸ்ஸின் நிறுத்தங்களை ஆழத்தில் அடுக்கி வைத்தால் எண்ணெய் நிறுவனத்தின் வரைபடம் கிடைத்துவிடும்.

இனி 1956க்குப் போகலாம். அந்த வருஷம் மூன்று காரியம் நடந்தது. ஆகஸ்ட் 14ல் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம், நம் வாயில் ஓ.என்.ஜி.சி., பிறந்தது. நவம்பரில் எங்களுக்குப் பக்கத்து வீடான நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. இந்த இரண்டுக்கும் முன்னால், மார்ச் மாதம், அமெரிக்காவில் சான் அன்டோனியோ நகரில் எம். கிங் ஹப்பர்ட் என்பவர் மேடையேறி, எண்ணெய் வயல் எல்லாமே ஏறும், உச்சி தொடும், இறங்கும் என்று ஒரு மணி வடிவத்தை வரைந்து காட்டினார். அமெரிக்க உற்பத்தி 1970 வாக்கில் உச்சி தொட்டு இறங்கும் என்றார். அவர் வேலை பார்த்த ஷெல் கம்பெனியிலிருந்து, கூட்டம் தொடங்கச் சில நிமிஷம் முன்புவரை போன் போட்டு, கொஞ்சம் அடக்கி வாசி என்று கெஞ்சியதாகக் கதை உண்டு. அவர் வாசித்தார். 1970ல் உற்பத்தி உச்சி தொட்டது, இறங்கியது. அந்த உச்சியை மறுபடி தாண்ட 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் பழைய வயலால் இல்லை, களிப்பாறையை உடைத்து எடுத்த ஷேல் எண்ணெயால்.

ஆக, நம் எண்ணெய் நிறுவனம் பிறப்பதற்கு ஐந்து மாதம் முன்பே அதன் ஜாதகத்தை ஒருவர் எழுதி வைத்துவிட்டார். நாம் வாங்கிப் படிக்கவில்லை. படிக்கிற மனநிலையிலும் இல்லை. இந்தியாவில் தோண்டிப் பிரயோசனமில்லை என்று மேற்கத்திய கம்பெனிகள் உதட்டைப் பிதுக்க, மத்திய அமைச்சர் கே.டி. மாளவியா ரஷ்யர்களை அழைத்து வந்தார். 1958ல் குஜராத்தில் லுனேஜ், 1960ல் அங்கலேஸ்வர். நேருவுக்கு வாயெல்லாம் பல். அந்த உற்சாகத்தில் தெற்கேயும் அளக்க வந்தார்கள். 1964ல் காவிரிப் படுகையில் முதல் ஆழக் கிணறு. பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. சேறு வந்தது, தண்ணீர் வந்தது, சில இடத்தில் எண்ணெய் வாசனை வந்தது. வாசனையை வைத்து ஆண்டறிக்கை எழுதலாம், லாரி ஓட்ட முடியாது. சுமார் இருபது வருஷம் கழித்து, எண்பதுகளின் நடுவில்தான் நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் லாரி ஓட்டும்படி கிடைத்தது. பிறகு புவனகிரி, கோவில்களப்பால், அடியக்கமங்கலம் என்று நெல் வயலுக்கு நடுவே இரும்பு முளைத்தது. நரிமணத்து எண்ணெயை நம்பி 1993ல் பக்கத்திலேயே பனங்குடியில் ஒரு சுத்திகரிப்பு ஆலையும் வந்தது, வருஷத்துக்கு 5 லட்சம் டன் கொள்ளளவு. வாழ்க்கை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அதாவது கிணறுகளுக்கு வயசாக ஆரம்பித்தது.

கிணற்றுக்கு வயசாவது எப்படி என்று தெரிந்துகொள்ள பெட்ரோலியம் இன்ஜினியரிங் படிக்க வேண்டாம். பெண்ணாடம் பக்கம் போர் போட்டு நொந்த எந்தக் கரும்பு விவசாயியும் சொல்லிவிடுவார். முதலில் தண்ணீர் தானாக மேலே வரும், ஊருக்கே சர்க்கரைப் பொங்கல். அப்புறம் மோட்டார் வேண்டும். அப்புறம் இன்னும் நாலு பைப் இறக்க வேண்டும். அப்புறம் கம்ப்ரசர் வைத்துக் காற்றை உள்ளே விட்டால்தான் தண்ணீர் இருமி இருமி வரும். அப்புறம் ஃபிளஷிங், சைடு போர், கடைசியில் பக்கத்திலேயே புது போர். எண்ணெய்க் கிணற்றுக்கும் இதே வரிசைதான், பில் மட்டும் கோடியில் வரும். தானாகப் பீறிடும் காலம் முடிந்ததும் தலையாட்டும் பம்பு. பிறகு எரிவாயுவை உள்ளே அனுப்பி எண்ணெயைத் தூக்கும் கேஸ் லிஃப்ட், நம் கம்ப்ரசரேதான். ஒர்க் ஓவர் ரிக் வந்து குழாயை எல்லாம் உருவிச் சுத்தம் செய்வது ஃபிளஷிங். பழைய கிணற்றின் இடுப்பிலிருந்து சாய்த்துத் துளைப்பது சைடு போர். இவ்வளவும் செய்தால்தான் பாறைக்குள் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளியே வரும். மீதி உள்ளேயே இருந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

கூடவே தண்ணீர். எண்ணெய்க்குக் கீழே கோடி வருஷமாகக் காத்திருந்த உப்புத் தண்ணீர், எண்ணெய் போன இடத்துக்கு ஏறி வரும். கிணற்றுக்கு வயசு கூடக் கூட அதன் பங்கும் கூடும். எந்தக் கிணற்றடியிலும் இப்படி ஒரு பேச்சு நடக்கலாம்:

"என்னா தம்பி, எண்ணெய் வருதா?"

"வருதுங்க ஐயா. கூடவே கொஞ்சம் தண்ணியும் வருது."

"கொஞ்சம்னா?"

"பத்துக்கு ஒம்போதுங்க."

"அப்ப தண்ணி வருது, கூடவே கொஞ்சம் எண்ணெயும் வருதுன்னு சொல்லு."

அந்தத் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட முடியாது. உப்பும் எண்ணெயும் கலந்தது. பிரிக்க வேண்டும், சுத்தம் செய்ய வேண்டும், வேறு கிணறு வழியாகத் திரும்பப் பூமிக்குள் தள்ள வேண்டும். பூமிக்குள்ளிருந்து தண்ணீரை எடுத்துப் பூமிக்குள்ளேயே தள்ளுவதற்குக் கரண்டு பில் கட்டுகிற தொழில் இது.

செலவு ஏறுவதற்கு யாரும் தப்பு செய்ய வேண்டியதில்லை. ஒரு கணக்குக்கு, வயலை நடத்த நாளுக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று வையுங்கள். வாட்ச்மேன், பம்பு, டேங்கர், தண்ணீர் பிரிப்பு எல்லாம் அதில் அடக்கம். நாளுக்கு ஆயிரம் பேரல் வந்தால் பேரலுக்கு ஆயிரம் ரூபாய். வருஷம் பத்து சதவீதம் உற்பத்தி குறைந்தால், ஏழு வருஷம் கழித்து ஐநூறு பேரல்கூட வராது, பேரல் இரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். யாருக்கும் சம்பளம் ஏறவில்லை, டீயில்கூட சர்க்கரை ஏறவில்லை, ஆனால் செலவு இரட்டிப்பு. இந்த இறக்கத்தைக் கோடு போட்டுக் கணக்காகச் சொல்லும் வழியை ஆர்ப்ஸ் என்பவர் 1945லேயே எழுதி வைத்தார். இன்றைக்கும் அந்தக் கோட்டைத்தான் போடுகிறார்கள். போட்டுவிட்டு, கோட்டின் நுனியை மட்டும் பேனாவால் லேசாக மேல்நோக்கி வளைத்துவிடுவார்கள். அதற்கு மேம்பாட்டுத் திட்டம் என்று பெயர்.

இந்த வளைவுக் கலையில் நம் நாட்டின் தலைமைக் கோயில் மும்பை ஹை. 1974ல் சாகர் சாம்ராட் என்ற கடல் ரிக் கண்டுபிடித்தது. 1985ல் நாளுக்குச் சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம் பேரல். பிறகு இறக்கம். மறுமேம்பாடு முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்று சீரியல் எபிசோடு கணக்கில் போனது. இல்லாவிட்டால் இன்னும் வேகமாக இறங்கியிருக்கும் என்பதும் உண்மை. அதைச் சொல்லியே எத்தனை வருஷத்துக்குக் கைதட்டல் வாங்குவது? 2024ல் நாளுக்கு 1 லட்சத்து 34 ஆயிரம் பேரல் வாக்கில் நின்றது. 2025 ஜனவரியில் பிரிட்டனின் பி.பி. கம்பெனியை வைத்தியத்துக்கு அழைத்தார்கள். பத்து வருஷத்தில் எண்ணெயும் வாயுவும் சேர்த்து 60 சதவீதம்வரை கூட்ட வாய்ப்பிருக்கிறது என்றார் வைத்தியர். எதற்கு மேல் 60 என்று கேட்க வேண்டும். இறங்கிக்கொண்டே போகும் அந்தக் கோட்டுக்கு மேல் 60. முழுசாக நடந்தாலும் பழைய உச்சி வராது.

நாட்டுக் கணக்கும் இதே லட்சணம். 2015 மார்ச்சில் பிரதமர் ஒரு இலக்கு வைத்தார். நமக்கு வேண்டிய எண்ணெயில் 77 சதவீதம் இறக்குமதி, 2022க்குள் அதில் பத்துப் புள்ளி குறைத்து 67 ஆக்குவோம் என்றார். பத்து மாறியது உண்மை. திசைதான் தவறிவிட்டது. 2023-24ல் 87ஐத் தாண்டி நின்றது. 2011-12ல் 3 கோடியே 80 லட்சம் டன்னாக இருந்த உள்நாட்டு உற்பத்தி, 2023-24ல் 2 கோடியே 94 லட்சம் டன். இடைப்பட்ட வருஷங்களின் அறிக்கைகளைப் புரட்டினால், அநேகமாக எல்லாவற்றிலும் அடுத்த வருஷம் ஏறும் என்று இருக்கும்.

நம்மைத் திட்டி மட்டும் பிரயோசனமில்லை. 2025 செப்டம்பரில் சர்வதேச எரிசக்தி முகமை உலகத்து வயல்களையெல்லாம் அலசி ஒரு அறிக்கை விட்டது. 2019 முதல் எண்ணெய் எரிவாயு எடுக்கப் போட்ட முதலீட்டில் ஏறக்குறைய 90 சதவீதம், குறைகிற உற்பத்தியை ஈடுகட்டவே போனதாம். உலகமே ஓடிக்கொண்டிருப்பது நின்ற இடத்தில் நிற்பதற்குத்தான்.

இதில் விலை வேறு. கிழட்டு வயலுக்கு வைத்தியம் பார்க்கலாமா என்பது பாறையைவிடப் பேரல் விலையைப் பொறுத்தது. 2008 ஜூலையில் பேரல் 147 டாலர். செத்த கிணற்றுக்கும் ரிக் அனுப்பக் கை துறுதுறுக்கும். 2020 ஏப்ரல் 20ல் அமெரிக்கச் சந்தையில் விலை பூஜ்யத்துக்குக் கீழே 37 டாலர். எண்ணெயையும் எடுத்துக்கொள், கையில் 37 டாலரையும் வாங்கிக்கொள், தயவு செய்து இடத்தைக் காலி பண்ணு என்று அர்த்தம். ரிக்குக்கு ஒப்பந்தம் போட்டு, ஆள் எடுத்து, குழாய் வந்து சேர்வதற்குள் 147 எங்கேயோ போயிருக்கும். அசாமின் டிக்பாய் மாதிரி ஒன்றிரண்டு கிழவர்களுக்குத்தான் இது எதுவும் உறைப்பதில்லை. 1889ல் எண்ணெய் கண்டது, 1901ல் சுத்திகரிப்பு ஆலை வைத்தது, இன்னும் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. யாரும் இலக்கு கேட்டுத் தொந்தரவு செய்வதில்லை.

காவிரிப் படுகையிலும் வைத்தியம் பலித்ததுண்டு. சீர்காழிப் பக்கம் மாதானத்தில், இதற்குக் கீழே ஒன்றும் கிடையாது என்று காலங்காலமாக ஒதுக்கிவைத்த அடிப்பாறையின் விரிசலுக்குள்ளேயே எண்ணெய் இருந்தது. ஆனால் கிணறு கிழடானால் குழாயும் கிழடாகும் என்பதை மேலிடம் மறந்துவிட்டது. 2017 ஜூன் 30ல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் கச்சா எண்ணெய் நின்றது. கேட்கப் போன ஜனத்தின் மேல் தடியடி, கைது, வழக்கு. ஏற்கெனவே மீத்தேன் திட்டம், நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டம் என்று கொதித்துக்கொண்டிருந்த டெல்டா அதற்கப்புறம் எந்த ரிக்கையும் நம்பத் தயாராக இல்லை. கரண்டு பில், ரிக் வாடகை எல்லாம் போட்ட செலவுக் கணக்கில் அந்த நம்பிக்கைக்கு ஒரு வரி ஒதுக்காதது யாருடைய தவறு என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. வயல்காரனுடைய தவறு இல்லை.

2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. மண்டலத்துக்குள் புதிதாக எண்ணெய் தேடக் கூடாது, ஏற்கெனவே நடப்பது நடக்கலாம். அதாவது புதுப் பிள்ளை பெறக் கூடாது, இருக்கிற கிழவர்கள் வேலைக்குப் போகலாம். கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் மண்டலத்துக்குள் வந்தன. பெண்ணாடம் இருக்கும் நல்லூர் ஒன்றியம் பட்டியலில் இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து எண்ணெய் தேடலாம் என்று சட்டம் எங்களுக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. விளிம்பில் இருக்கிற ஊருக்கு யார் வருவார்கள்? சிமென்ட் ஆலைகள்தான் வந்தன. ஃபோர்ப்ஸ் உட்கார்ந்து வர்ணித்த கடலின் சுண்ணாம்பை, மூட்டை மூட்டையாகக் கட்டி லாரியில் ஏற்றுகிறார்கள்.

எண்ணெய் குறையக் குறைய ஆலை பெருக்கும் விசித்திரமும் நம்மிடம் உண்டு. இந்தப் படுகையின் நிலப்பகுதி வருஷத்துக்குச் சில லட்சம் டன்னைத் தாண்டிக் கொடுத்ததில்லை. அதை நம்பித் தொடங்கிய பனங்குடியில் 90 லட்சம் டன் ஆலைக்குத் திட்டம். 2021 பிப்ரவரியில் அடிக்கல் போட்டாயிற்று. நரிமணத்து எண்ணெய் அதற்கு நாக்கு நனைக்கக் காணாது, கப்பலில்தான் வரவேண்டும்.

கடலூர்க் கதை இன்னும் விசேஷம். எங்கள் கடலில் பி.ஒய்.-3 என்று ஒரு வயல். 1988ல் கண்டுபிடித்தார்கள், 1997ல் எடுக்க ஆரம்பித்தார்கள். முதல்தரமான லேசான எண்ணெய். 2011 ஜூலையில் உள்ளே எண்ணெய் இருக்கும்போதே உற்பத்தியை நிறுத்தினார்கள். அதே 2011ல் கரையில் பெரியகுப்பம் பக்கம் 60 லட்சம் டன் ஆலை ஒன்று எழுந்துகொண்டிருந்தது. ஜெர்மனியில் இங்கோல்ஸ்டாட் என்ற ஊரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பழைய சுத்திகரிப்பு ஆலையைப் பிரித்து, கப்பலில் ஏற்றி, இங்கே பூட்டுகிறார்கள் என்று ஊரே பேசியது. டிசம்பர் 30ல் தானே புயல் வந்தது. பலா, முந்திரியோடு ஆலையும் சாய்ந்தது. பிரளயகாலேஸ்வரரின் அதிகார எல்லை அவ்வளவு தூரம் வராது போலிருக்கிறது. வேலை நின்றது, கடன் வளர்ந்தது, 2018ல் கம்பெனியைக் கலைக்க உத்தரவானது.

பிறகு அங்கே இரும்பு திருடர்கள் புகுந்தார்கள். போலீஸ் பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. கடலூர் மாவட்டத்து எண்ணெய்த் தொழிலில் வருஷா வருஷம் உற்பத்தி கூடியதும் பேரலுக்குச் செலவு இறங்கியதும் அந்தத் திருடர் கம்பெனியில் மட்டும்தான். ஒரு கேஸ் கட்டிங் செட்டு, ராத்திரி வண்டி வாடகை, முடிந்தது. ஆலோசகர் யாரையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவில்லை.